எட்டு மாதத்தில் இரண்டு வேலை: புதுச் செவிலியர் ஒருவரின் முதல் பணி பற்றிய நிகழ்வு ஆய்வு

எழுதுவதற்கு முன்

மதுரைப் பக்கம் ஒரு தனியார் செவிலியர் கல்லூரியில் மெட்-சர்ஜ் (மருத்துவ, அறுவைச் சிகிச்சைச் செவிலியம்) பாடம் நடத்துகிறேன். இறுதியாண்டு மாணவிகளின் வேலை விவகாரமும் சில வருடங்களாக என் பொறுப்பு. அதற்கென்று தனி நேரமோ தனிச் சம்பளமோ கிடையாது. ரிசல்ட் வந்த பிறகு வரும் போன்களை எடுப்பவர் யாரோ அவரே பொறுப்பாளர் என்று ஆகிவிட்டது.

ஒரே ஒரு மாணவியின் எட்டு மாதங்களை இங்கே பதிவு செய்கிறேன். அவர் சம்மதித்திருக்கிறார், எழுதியதைப் படித்து இரண்டு இடங்களில் திருத்தியும் கொடுத்தார். மருத்துவமனைகளின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். இதில் நான் கொடுத்த அறிவுரைகளில் இரண்டு தவறானவை. அவற்றை மறைத்தால் இந்தப் பதிவால் யாருக்கும் பயன் இருக்காது.

பின்னணி

மாணவிக்கு வயது 22. ஊர் சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார், அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் முதல் பட்டதாரி. நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங்குக்கு அரசுடைமை வங்கி ஒன்றில் 3.2 லட்சம் கல்விக் கடன் எடுத்திருந்தார்கள். வகுப்பில் முதல் பத்துக்குள் வருகிற பெண். வார்டில் அதிகம் பேசமாட்டார். நோயாளியின் கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடக்கும் செருப்பைக்கூட எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் நகர்வார்.

இறுதியாண்டு ஜூலையில் சென்னையிலிருந்து ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமம் எங்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தது. 54 பேர் வகுப்பில் 17 பேர் தேர்வானார்கள். இவர் அன்றைக்கு வரவே இல்லை. “மெட்ராஸெல்லாம் வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாங்க மேம்” என்றார். வீட்டாரை வரச் சொல்லிப் பேசலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், பேசவில்லை. அந்த மாதத்தில் மாடல் தேர்வு நடந்துகொண்டிருந்தது என்பது காரணம். அது நல்ல காரணமா என்று கேட்டால், இல்லை.

அப்பாவின் திட்டம் வேறு. எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதுவரை வீட்டுக்கு அருகிலேயே ஏதாவது. 2012இல் தொடங்கிய அந்தத் தேர்வு வாரியம் வழியாக நிறையச் செவிலியர்கள் போயிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று யாரும் காலண்டரில் குறித்து வைக்க முடியாது. தேர்வானவர்களும் தொகுப்பூதியத்தில் வருடக்கணக்கில் நின்ற பிறகுதான் காலமுறைச் சம்பளத்துக்குப் போகிறார்கள். 2015இல் சேர்ந்தவர்கள் மாதம் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள் என்பதை அந்த அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

அக்டோபர் முதல் ஜனவரி வரை: இனிஷியல்

ரிசல்ட் அக்டோபர் மூன்றாம் வாரம் வந்தது. பல்கலைக்கழகத்தின் ப்ரொவிஷனல் சான்றிதழும் கல்லூரியின் கோர்ஸ் கம்ப்ளீஷனும் கைக்கு வர நவம்பர் நடுவாகிவிட்டது. அடுத்த படி கவுன்சில் பதிவு. சென்னை சாந்தோமில் இருக்கிற தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமத்தில் பதிவு செய்து ஆர்.என்.ஆர்.எம். (பதிவு பெற்ற செவிலியர், தாதியர்) எண் வாங்கினால்தான் ஒருவர் சட்டப்படி செவிலியர். அந்த எண் இல்லாத பட்டம் வெறும் பட்டம்தான்.

விண்ணப்பம் இடித்தது பெயரில். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர் பின்னால் ஒட்டியிருந்தது, அதிலும் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து மாறி. கல்லூரிச் சான்றிதழ் பத்தாம் வகுப்பைப் பார்த்து அடித்தது. ஆன்லைனில் ஆதார் விவரமும் சான்றிதழும் பொருந்தவில்லை. நம் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற கோளாறு இது. குடும்பப் பெயர் இல்லாத சமூகத்துக்கு ‘முதல் பெயர், கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டம் கொடுத்தால் ஒவ்வொரு கணினி மையக்காரரும் ஒவ்வொரு விதமாகத்தான் நிரப்புவார்.

இ-சேவை மையத்துக்கு மூன்று முறை அலைந்து, ஒரு முறை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, ஆதார் திருந்தியது ஜனவரி முதல் வாரம். பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது பிப்ரவரி தொடக்கம். ரிசல்ட்டிலிருந்து மூன்றரை மாதம்.

இங்கேதான் என் முதல் தவறு. “பதிவு வரும்போது வரட்டும், நீ அதுக்குள்ள அப்ளை பண்ணிக்கிட்டே இரு” என்று சொல்லியிருந்தேன். அவர் 23 மருத்துவமனைகளுக்கு பயோடேட்டா அனுப்பினார். எல்லாம் இணையதளத்தில் கிடைத்த எச்.ஆர். முகவரிக்கு. மூன்று இடங்களிலிருந்து பதில் வந்தது. மூன்று பேரும் கேட்ட முதல் கேள்வி பதிவு எண். தரச்சான்று பெற்ற மருத்துவமனைகள் பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் யாரையும் பணியில் அமர்த்த முடியாது. ஆய்வுக்கு வருபவர்கள் ஊழியர் கோப்பைத் திறந்தால் முதலில் தேடுவதே அந்தத் தாளைத்தான். இது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும், சும்மா இருக்கிறாளே என்று ஒரு வேலை கொடுத்ததுபோல அனுப்பச் சொன்னேன். 23 இடங்களின் மின்னஞ்சல் பெட்டியில் அவர் பெயர் ‘பதிவு எண் இல்லாதவர்’ என்று விழுந்ததுதான் மிச்சம்.

நடுவில் ஒரு ஏஜென்ட் வளைகுடா வேலை என்று 25,000 ரூபாய் கேட்டார். இரண்டு வருட அனுபவம் இல்லாமல் அந்த வழி திறக்காது என்று சொல்லி அதை அங்கேயே நிறுத்தினோம்.

டிசம்பர்: ஒரு மருந்துக் குப்பி, இரண்டு சிரிஞ்ச்

மூன்றில் ஒரு மருத்துவமனை மட்டும், பதிவு வந்ததும் சேர்ந்துகொள்ளலாம், இப்போது நேர்காணலுக்கு வரட்டும் என்றது. 250 படுக்கைக்கு மேல் உள்ள இடம். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் நேர்காணல் நடத்தினார். என்ன நடந்தது என்பதை அன்று மாலையே மாணவி என்னிடம் சொன்னார். அதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.

உன்னைப் பற்றிச் சொல், ஏன் நர்சிங் படித்தாய் வகைக் கேள்விகள் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. பிறகு மேசை மேல் ஒரு ரெகுலர் இன்சுலின் வயல் (மருந்துக் குப்பி), இரண்டு இன்சுலின் சிரிஞ்ச், ஒரு 50 மில்லி சிரிஞ்ச் வைத்தார். “50 யூனிட், 50 மில்லி சலைனில். இன்ஃபியூஷன் பம்புக்கு லோடு பண்ணும்மா.”

மாணவிக்குக் கணக்கு தெரியும். ஒரு மில்லிக்கு ஒரு யூனிட் என்று வரும். கைக்கு அருகில் இருந்த சிரிஞ்சை எடுத்தார். ஆரஞ்சு மூடி போட்டது. 50 என்ற கோடு வரை இழுத்தார். 50 மில்லி சிரிஞ்சில் சேர்த்தார். லேபிளில் மருந்தின் பெயர், அளவு, நேரம், தேதி, கையெழுத்து என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி ஒன்றையும் விடாமல் எழுதி ஒட்டினார்.

அந்த வயல் மில்லிக்கு 40 யூனிட். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் மில்லிக்கு 100 யூனிட் வயலுக்கானது. அதில் 50 கோடு என்றால் அரை மில்லி. 40 யூனிட் வயலிலிருந்து அரை மில்லி எடுத்தால் 20 யூனிட். 50 யூனிட்டுக்கு 1.25 மில்லி வேண்டும். சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு முழு சிரிஞ்சும் இன்னொரு 10 யூனிட்டும். லேபிளில் 50 என்று அழகாக எழுதப்பட்ட சிரிஞ்சுக்குள் இருந்தது 20.

சூப்பரின்டென்டென்ட் ஒன்றும் சொல்லாமல் வயலைத் திருப்பி லேபிளை அவர் பக்கம் காட்டினார். அவ்வளவுதான். “எனக்குக் காது அடைச்சிருச்சு மேம்” என்றார் மாணவி.

எங்கள் பக்கத்துக் குறை இதில் தெளிவு. எங்கள் பயிற்சி வார்டில் வயலும் 40, சிரிஞ்சும் சிவப்பு மூடி மட்டும். தவறு நடக்க வாய்ப்பே இல்லாத இடத்தில் நான்கு வருடம் சரியாகச் செய்திருக்கிறார். இந்தியாவில் 40 யூனிட் வயலும் 100 யூனிட் மருந்துகளும் பக்கத்துப் பக்கத்தில் புழங்குகின்றன என்பது பாடத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரியை நான்தான் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதுகிறேன். கையில் இரண்டு சிரிஞ்சையும் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்ததில்லை.

பிப்ரவரி: இரண்டு வழி, ஒரு முடிவு

பதிவு எண் வந்த வாரத்தில் இரண்டு வாய்ப்புகள் இருந்தன.

ஊரிலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் 42 படுக்கை கொண்ட ஒரு நர்சிங் ஹோம். டாக்டர் தம்பதியர் நடத்துவது. மாதம் 15,000 ரூபாய். உடனே சேரலாம். இரண்டு வருட பாண்ட் (வேலை ஒப்பந்தம்), நடுவில் விட்டால் 50,000 ரூபாய், ஒரிஜினல் சான்றிதழ்கள் அவர்களிடம்.

மதுரையில் 300 படுக்கை மருத்துவமனை ஒன்றில் வாக்-இன். பயிற்சிக் காலத்தில் சம்பளம் குறைவு, மூன்று மாதம் இண்டக்‌ஷன். வேலை உறுதி இல்லை, இன்னொரு தேர்வு இருக்கிறது.

குடும்பம் முதலாவதைச் சொன்னது. முக்கியக் காரணம் கடன். வங்கியிலிருந்து வட்டி பற்றி ஒரு எஸ்எம்எஸ் வந்திருந்தது. அதைத் தவணை கட்டச் சொல்கிறார்கள் என்று அப்பா எடுத்துக்கொண்டார். கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை தொடங்காது. இவருக்கு அடுத்த ஆகஸ்ட் வரை நேரம் இருந்தது. வங்கி கொடுத்த கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இது அச்சடித்தே இருந்திருக்கிறது. எனக்கு இது தெரிய வந்தது ஏப்ரலில். பிப்ரவரியில் நானும் கேட்கவில்லை.

என் இரண்டாவது தவறு: “சேர்ந்துரு. சின்ன இடத்துல எல்லா வேலையும் கத்துக்கலாம்” என்றேன். இந்த வாக்கியத்தை எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வோம். எனக்கும் யாரோ சொன்னது. பாதி உண்மை அதில் உண்டு. கற்றுக்கொடுக்க ஒரு சீனியர் பக்கத்தில் இருக்கும் சின்ன இடத்துக்கு மட்டும் அது பொருந்தும்.

சம்பளம் பற்றி ஒரு குறிப்பு. 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் இடங்களிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் போனால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் என்றது. பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் புதிதாகச் சேருபவருக்கு 15,000 என்றால் நல்ல சம்பளம் என்றுதான் பேச்சு.

பத்தொன்பது நாள்

முதல் மூன்று நாள் பகல். நான்காம் நாள் நைட், தனியாக.

தனியாக என்றால்: நான்கு படுக்கை ஐசியூவில் இரண்டு நோயாளிகள், அறுவை முடிந்தவர்களுக்கான பக்கத்து போஸ்ட்-ஆப் வார்டில் ஏழு பேர், உதவிக்கு ஒரு நர்சிங் அசிஸ்டென்ட். அந்தப் பெண் பதிவு பெற்றவர் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்து, ஆறு மாதம் ஏதோ ஒரு இன்ஸ்டிடியூட், பிறகு எட்டு வருடம் அங்கேயே. வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போடுவதில் மாணவியைவிடக் கை சுத்தம். டாக்டர் மாடியில் குடியிருந்தார். போன் அடித்தால் இறங்கி வருவார். அடிக்கத் தயங்கும்படியாகவும் இருப்பார்.

ஐந்தாம் நாள் காலை மாணவி எனக்குப் போன் செய்தார். “ஆறு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கிடைக்கும்” என்றேன்.

பன்னிரண்டாம் நாள் இரவு இரண்டு மணி டோஸ். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஒரு கிராம் வயல், பத்து மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கரைத்துப் போட வேண்டும். மாணவி ஐசியூவில் ஒருவருக்குச் சளி உறிஞ்சிக்கொண்டிருந்தார். அசிஸ்டென்ட் வார்டு மருந்துகளைக் கரைத்து டிரேயில் அடுக்கிக்கொண்டிருந்தார். பவர் கட், ஜெனரேட்டர் பிடிக்கிறவரை செல்போன் வெளிச்சம். மாணவி கை கழுவிவிட்டு வந்தபோது, உடைத்துப் போட்ட ஆம்பியூல்களில் (சிறு மருந்துக் குப்பிகள்) ஒன்று மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில் இருப்பதைக் கண்டு எடுத்துப் பார்த்தார். பொட்டாசியம் குளோரைடு. பத்து மில்லியில் 20 மில்லிஈக்விவலன்ட். அந்த டிரேயில் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூலும் பொட்டாசியம் ஆம்பியூலும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கரைத்து வைத்த சிரிஞ்சுகள் நான்கு. எதில் எது என்று தெரியாது.

நான்கையும் கொட்டினார், புதிதாகக் கரைத்தார், நோயாளிகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு சிரிஞ்ச் நேராக நரம்பில் ஏறியிருந்தால் அந்த நோயாளியின் இதயம் கட்டிலிலேயே நின்றிருக்கும். காலையில் ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதினார். இன்சார்ஜ் சிஸ்டர் படித்துவிட்டு, “இதெல்லாம் நோட்டுல எழுதக் கூடாதும்மா, வாயால சொல்லணும்” என்றார். அந்தப் பக்கத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டப்பட்டது.

பதின்மூன்றாம் நாள் மீண்டும் போன். இந்த முறை நான் பல்லைக் கடிக்கச் சொல்லவில்லை. மாணவி திறமையாகச் சமாளித்தார் என்று மகிழத் தோன்றியது. பிறகுதான் உறைத்தது: அன்றிரவு காப்பாற்றியது ஆம்பியூலின் எழுத்து அளவு. அடுத்த முறை வேறு கம்பெனி ஆம்பியூல் வரும். ஏதாவது நடந்தால் பதிவு எண் உள்ளவர் ஒருவர்தான், பழி அந்த எண்ணில் விழும். டாக்டரிடம் நேரில் பேசி, நைட்டில் இன்னொரு பதிவு பெற்ற செவிலியர், பொட்டாசியத்துக்குத் தனிப் பெட்டி என்ற இரண்டை மட்டும் கேட்கச் சொன்னேன். கேட்டார். “வந்து ரெண்டு வாரம் ஆகல, அதுக்குள்ள ரூல்ஸா?” என்பது பதில். பத்தொன்பதாம் நாள் எழுத்து மூலம் விலகல் கடிதம் கொடுத்தார்.

ஒரிஜினல்

சான்றிதழ் கேட்டதற்கு 50,000 கட்டு என்றார்கள். பத்தொன்பது நாள் சம்பளமும் வரவில்லை.

அம்மா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் வட்டிக்கு வாங்கிய 20,000 ரூபாய். “டீச்சர், இத மொதல்ல கட்டிருவோம், மிச்சத்த மாசாமாசம் குடுத்துருவோம்னு சொல்லிக் குடுங்க” என்றார். அந்தப் பணத்தை அன்றே திருப்பிக் கொடுக்க வைத்ததுதான் இந்த விவகாரத்தில் நான் தயங்காமல் செய்த ஒரே காரியம்.

எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் ஒரு பக்கக் கடிதம் தயாரித்தார். பாண்ட் செல்லுமா, இழப்பீடு உண்டா என்ற வாதத்துக்குள் அவர் போகவே இல்லை. கல்விச் சான்றிதழ் விற்கவோ வாங்கவோ கூடிய பொருள் அல்ல, ஒப்பந்தச் சட்டம் 171ஆம் பிரிவு சொல்லும் பிடிமான உரிமையை (பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை) அதன்மேல் கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதை மட்டும் எழுதி, பத்து நாளில் சான்றிதழைத் தர வேண்டும் என்றார். பதிவுத் தபாலில் போனது. ஒன்பதாம் நாள் டாக்டரம்மாவே போனில் கூப்பிட்டு, வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஏப்ரல் இரண்டாம் வாரம் உறை கைக்கு வந்தது. சம்பளம் வரவில்லை; அதைத் துரத்தவில்லை.

உறையைத் திறந்து, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, ப்ரொவிஷனல், கம்ப்ளீஷன், கவுன்சில் சான்றிதழ் என்று மாணவி ஒவ்வொன்றாக என் மேசையில் விரித்தார். கவுன்சில் சான்றிதழின் ஓரத்தில் ஸ்டேப்ளர் துருக்கறை. அதைப் பார்த்துத்தான் அழுதார், அதற்கு முன் ஒரு முறையும் இல்லை.

ஏப்ரல், மே: வேறு மாதிரித் தேடல்

அந்த வாரமே வங்கிக் கடிதத்தை எடுத்துவரச் சொல்லிப் படித்தோம். ஆகஸ்ட் வரை அவகாசம் என்றதும் வீட்டின் அவசரம் பாதி குறைந்தது. அப்பா மதுரைக்குச் சம்மதித்ததும் அதற்குப் பிறகுதான்.

இந்த முறை எச்.ஆர். முகவரிக்கு ஒன்றுகூட அனுப்பவில்லை. முந்தைய மூன்று வகுப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டு, மதுரையில் வேலை பார்க்கும் பதினோரு சீனியர்களைக் கண்டுபிடித்தோம். அவர்களிடம் வேலை கேட்கவில்லை; வார்டு பற்றிக் கேட்டோம். நைட்டில் எத்தனை பேருக்கு ஒரு ஸ்டாஃப், புதிதாக வந்தவர் யாருடன் நிற்கிறார், ஒரிஜினலை வாங்கி வைக்கிறார்களா, போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு வந்த பதில்கள்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பேசின. ஒரு பெரிய பெயருள்ள இடத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து மூன்று பேர் மிச்சம். பட்டியல் நான்கு மருத்துவமனைகளாகச் சுருங்கியது.

பயோடேட்டாவை மாற்றினோம். ‘கடின உழைப்பாளி, குழுவாக இயங்குபவர்’ என்பதெல்லாம் போயிற்று. ஒரே பக்கம். எந்த வார்டில் எத்தனை வாரம், மேற்பார்வையில் தானே செய்தவை எவை, பார்த்தவை மட்டும் எவை என்று பிரித்து எழுதினார். செய்யாததைச் செய்ததாக எழுதவில்லை. பதிவு எண் மேலே, பெயருக்கு அடுத்த வரியில். பத்தொன்பது நாள் வேலையையும் எழுதச் சொன்னேன், அவர் தயங்கினார், கேட்டால் உண்மையைச் சொல்லலாம் என்று சேர்த்தோம்.

பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) பயிற்சி ஒரு நாள் போய் அட்டை வாங்கினார். இரண்டு வருடம் செல்லும். மற்ற நாட்களில் மதியம் இரண்டு மணி முதல் எங்கள் ஸ்கில் லேப். இன்சுலின் இரண்டு வகை சிரிஞ்சிலும். டிரிப் கணக்கு காகிதம் இல்லாமல்: 500 மில்லி, எட்டு மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு செட் என்றால் நிமிடத்துக்கு 21 சொட்டு. பொட்டாசியம், ஹெபாரின், நார்அட்ரினலின் ஆகியவற்றின் லேபிளை உரக்கப் படித்துவிட்டுத்தான் உடைப்பது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாம் ஆண்டுப் பெண்கள் நான்கு பேர் தாங்களாகவே வந்து சேர்ந்துகொண்டார்கள்.

மே இறுதி: இரண்டாவது நேர்காணல்

பிப்ரவரியில் விட்ட அதே 300 படுக்கை மருத்துவமனை. கேட்ட கேள்வி: வயிற்று அறுவை முடிந்து வந்தவர், பிபி 84/50, இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் 20 மில்லி, டாக்டர் தியேட்டரில். என்ன செய்வாய்? மாணவி கையால் ஒரு முறை பிபி பார்ப்பேன், டிரெஸ்ஸிங்கும் டிரெய்னும் பார்ப்பேன், வென்ஃப்ளான் ஓடுகிறதா பார்ப்பேன், ஆக்சிஜன் வைக்கச் சொல்லிவிட்டு உடனே தியேட்டருக்குப் போன் செய்வேன் என்றார். “தியேட்டர்ல எடுக்கலைன்னா?” “எடுக்கிறவரைக்கும் அடிப்பேன் மேடம். ஒருத்தர நேர்லயும் அனுப்புவேன்.”

முந்தைய வேலையை ஏன் விட்டாய் என்று வந்தது. பெயர் சொல்லாமல் இரண்டு வாக்கியத்தில் சொன்னார்.

கடைசியில், ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். இந்த இடத்தில் எங்கள் பிள்ளைகள் வழக்கமாக “ஒண்ணும் இல்ல மேடம்” என்று எழுந்துவிடுவார்கள். இவர் கேட்டார்: “முதல் நைட் எத்தனாவது வாரம் போடுவீங்க மேடம்? அப்ப என்கூட யார் இருப்பாங்க?”

“இத யாரும்மா கேக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல மேடம். போன இடத்துல நாலாவது நாளே தனியா நின்னேன்.”

நானும் அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். நான் தயாரித்துக் கொடுத்த கேள்விகள் லீவு பற்றியும் ஹாஸ்டல் பற்றியும் இருந்தன.

பதில்: எட்டாவது வாரத்துக்கு முன் நைட் கிடையாது, முதல் ஆறு நைட் ஒரு சீனியருடன். ஒரிஜினலைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்தார்கள். சம்பளம் 13,500, அதில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் 1,800 பிடித்தம். அப்பாவுக்கு முகம் சுருங்கியது. ஜூன் முதல் வாரம் சேர்ந்தார்.

சேர்ந்த பிறகு

இரண்டு வாரம் வகுப்பு. பிறகு ஜெனரல் சர்ஜரி வார்டு, பகலில் ஆறு அல்லது ஏழு நோயாளிக்கு ஒரு ஸ்டாஃப். பொது வார்டுக்குத் தரச்சான்று எதிர்பார்க்கும் ஆறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கை ஒட்டித்தான் இருந்தது. ஆள் லீவு போட்ட நாட்களில் ஒன்பது வரை போனது. மருந்து கொடுக்கும் அனுமதிக்கான எழுத்துத் தேர்வில் முதல் முறை தோற்றார். குழந்தைகளுக்கான அளவுக் கணக்கில் சறுக்கல். இரண்டாம் முறை தேறினார். பத்தாவது வாரம் முதல் நைட். கூட நின்ற சீனியர் கொஞ்சம் கடுகடுப்பானவர் என்றும், ஆனால் ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவரை (நோயாளிகள் பற்றிய விவரம்) ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்றுதான் வாங்குவார் என்றும் மாணவி சொன்னார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதினால் அது முழு உண்மை இல்லை. நான்காம் மாதம், பிளட் சாம்பிள் ஒன்றுக்கு லேபிள் மாற்றி ஒட்டிவிட்டார். பரிசோதனைக் கூடத்தில் பிடித்துவிட்டார்கள். சம்பவப் படிவம் எழுதினார். வார்டு இன்சார்ஜ் பத்து நிமிடம் பேசினார், படிவம் கோப்புக்குப் போனது. “எழுதினதுக்கு யாரும் திட்டல மேம்” என்று போனில் சொன்னபோது அவர் குரலில் இருந்த ஆச்சரியம் எனக்கு வருத்தமாக இருந்தது.

ஒரு வருடம் முடிந்தபின் சர்ஜிக்கல் ஐசியூவுக்கு மாற்றினார்கள். சம்பளம் 16,800. கடன் தவணை செப்டம்பரில் தொடங்கியது, தவறாமல் போகிறது. எம்.ஆர்.பி.க்கும் படிக்கிறார்.

நான் மாற்றியவை, மாற்ற முடியாதவை

இது ஒரு பெண்ணின் அனுபவம். அதே வகுப்பில் சென்னைக்குப் போன 17 பேரில் பெரும்பாலானோர் இந்தத் தொல்லை எதுவும் இல்லாமல் ஜனவரியிலேயே வேலையில் இருந்தார்கள். வீட்டை விட்டு எவ்வளவு தூரம் அனுப்புவார்கள் என்பதுதான் எங்கள் பிள்ளைகளின் முதல் வேலையை மதிப்பெண்ணைவிட அதிகம் தீர்மானிக்கிறது. அதனால் இப்போது கேம்பஸ் நேர்காணலுக்கு முந்தைய மாதமே பெற்றோரை அழைக்கிறோம். ஏற்கெனவே சென்னையில் இருக்கும் சீனியரின் அம்மா ஒருவரைப் பேச வைக்கிறோம். நான் பேசி நடக்காதது அவர் பேசி இரண்டு பேருக்கு நடந்தது.

ஸ்கில் லேபில் இன்சுலினுக்கு இரண்டு சிரிஞ்சும் எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன. மருந்து டிரேயில் வேண்டுமென்றே ஒரு காலிப் பொட்டாசியம் ஆம்பியூலைக் கலந்து வைக்கிறேன். கண்டுபிடிக்காதவருக்கு அன்று மதிப்பெண் இல்லை. மாணவிகள் இதை ‘மேமோட பாம்’ என்கிறார்கள்.

“சின்ன இடத்துல எல்லாம் கத்துக்கலாம்” என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்த நர்சிங் ஹோமுக்கு எங்கள் பிள்ளைகளை அனுப்புவதும் இல்லை. ஆனால் அங்கே இரவில் இன்னும் யாரோ நிற்கிறார்கள், அந்த எட்டு வருட அசிஸ்டென்ட் உட்பட. ஆம்பியூல் விஷயத்தை டாக்டரம்மாவிடம் சான்றிதழ் வாங்கிய அன்று நானே சொன்னேன். “பார்க்கிறோம்” என்றார். வெளியே புகார் எழுதினால் சான்றிதழ் உறை திரும்ப வராது என்று அதுவரை பயந்தேன். உறை வந்த பிறகும் எழுதவில்லை. இது சரியா என்று சக ஆசிரியைகளிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

பெயர் விஷயம் மட்டும் எளிதாகத் திருந்தியது. நான்காம் ஆண்டு ஜனவரியிலேயே ஆதார், பத்தாம் வகுப்பு, கல்லூரிப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். இந்த வருடம் 51 பேரில் 14 பேருக்கு இடித்தது. 12 பேருடையது சரியாகிவிட்டது. ஒருவருக்கு அப்பா பெயரே இரண்டு ஆவணத்தில் இரண்டு விதம். கெசட்டில் போட வேண்டியிருக்கிறது. இன்னொருவர் நேற்றும் இ-சேவை மையத்தில் டோக்கன் வாங்கிவிட்டு, சர்வர் வேலை செய்யவில்லை என்று திரும்பி வந்தார்.